ராஜபாளையம் பெட்டை ஒன்றின் இனச்சேர்க்கையும் ஈற்றும்: மனித உதவி குறித்த நிகழ்வு ஆய்வு

நேர்வின் பின்னணி

மூன்றரை வயதும் 26 கிலோ எடையும் கொண்ட ராஜபாளையம் பெட்டை நாய் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் கடுவனோடு சேர்க்கப்பட்டும் சினை பிடிக்கவில்லை என்ற குறையோடு புரட்டாசிக் கடைசியில் கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவரப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் அதை வளர்த்துவந்தது. அதன் தாயும் பாட்டியும் அதே தோப்பில் காவல் இருந்தவை. அந்த வழி இதோடு அறுந்துவிடக் கூடாது என்பதே குடும்பத்தாரின் எண்ணம். குட்டி விற்றுப் பணம் பார்க்கும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் இரண்டு முறை ஏமாந்தபின், "இது மலட்டு நாய்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை அவர்களும் பாதி நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

முந்தைய இரண்டு முயற்சிகளும் எப்படி நடந்தன என்று விசாரித்தபோது கிடைத்த விவரங்கள், நோயறிதலுக்கு எந்தப் பரிசோதனையையும் விட அதிகம் உதவின. உதிரப்போக்கு கண்ட நாளை முதல் நாளாகக் கொண்டு, இரு பருவங்களிலும் 11ஆம் நாளிலும் 13ஆம் நாளிலும் கடுவனிடம் கொண்டுசென்றிருக்கிறார்கள். முதல் பருவத்தின் 11ஆம் நாளில் பெட்டை உட்கார்ந்துகொண்டது. கடுவன் நெருங்கியபோது திரும்பிக் கடித்தது. அதன்பின் அதன் வாயைத் துணியால் கட்டி, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்த, மூன்றாமவர் கடுவனை ஏற்றிவிட்டிருக்கிறார். ஏறத்தாழ பத்து நிமிடம் 'லாக்' (இரண்டும் பிரியாமல் ஒட்டி நிற்கும் நிலை) விழுந்தது. 13ஆம் நாளில் கட்டி நிறுத்தியும் நடக்கவில்லை. இரண்டாம் பருவத்தில் இரு நாட்களிலும் லாக் விழவே இல்லை.

பெட்டையின் மறுப்பை முரண்டு என்று எடுத்துக்கொண்டதுதான் இந்த நேர்வின் மையப் பிழை என்பது என் கருத்து. உடலில் குறையில்லாத ஒரு பெட்டை கடுவனை விலக்குகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு உரிய நாள் இன்னும் வரவில்லை, அல்லது கடந்துவிட்டது என்று பொருள். சில பெட்டைகளுக்கு யோனிக் குழாயில் பிறவியிலேயே குறுக்கமோ தடுப்புச் சதையோ இருந்து, சேர்க்கையே வலியாக இருக்கும். இரண்டில் எதுவானாலும், வாயைக் கட்டி நிறுத்துவது அது சொல்லவருவதை அடக்கிவிடுகிறது. இந்த நேர்வில் மனிதக் கை எங்கே விலகி நின்றிருக்க வேண்டும், எங்கே தயங்காமல் நுழைந்திருக்க வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

பரிசோதனையும் கடுவன் தேர்வும்

கையுறை அணிந்த விரலால் பரிசோதித்ததில் யோனிக் குழாயில் குறுக்கமோ தடுப்போ இல்லை. உடல் நிலை நன்றாக இருந்தது. தடுப்பூசிகளும் குடற்புழு நீக்கமும் காலத்தோடு செய்யப்பட்டிருந்தன. கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கக்கூடிய புரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை பெட்டைக்கும், பின்னர் தேர்ந்தெடுத்த கடுவனுக்கும் செய்யப்பட்டு, இரண்டும் நோயற்றவை என்று உறுதியானது. இந்தப் பரிசோதனையை நம் ஊரில் 'கிராஸ்' போடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. ஊர் ஊராகப் போய்வரும் ஒரே கடுவன் மூலம் பல வீட்டுப் பெட்டைகளுக்கும், அவற்றின் உடல் கசிவுகளைக் கையாளும் மனிதர்களுக்கும்கூட இந்நோய் தொற்றக்கூடும் என்பதால் இதில் எந்தச் சலுகையும் காட்டக் கூடாது.

குடும்பத்தார் மனத்தில் வைத்திருந்த கடுவன், இந்தப் பெட்டையின் தகப்பனுக்கே வேறொரு தாயிடம் பிறந்தது. பால்போன்ற வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அழகான நாய். அதை நான் ஏற்கவில்லை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் பெற்றோர், பாட்டன் பாட்டி, உடன்பிறப்பு, ஒருவழி உடன்பிறப்பு ஆகியோருடன் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் வரையறுக்கின்றன. விதி ஒருபுறம் இருக்க, ராஜபாளையம் இனத்துக்கே இதில் தனிக் காரணம் உண்டு. முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததில், இவ்வினத்தில் பிறவிச் செவிடு பரவியிருக்கிறது. நிறமி தரும் செல்கள் தோலில் மட்டுமல்லாமல் உட்செவியிலும் தேவைப்படுகின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் செவியின் உணர்செல்கள் அழிந்துபோகின்றன. குறுகிய இரத்த உறவுக்குள் மீண்டும் மீண்டும் சேர்ப்பது இந்தக் குறையை இறுக்கிக் கட்டிவைக்கிறது. ஆகவே, உறவில்லாத வழியில் வந்த, மூக்கிலும் இமையோரத்திலும் கறுப்பு நிறமி தெளிவாக உள்ள, நன்கு காது கேட்கும் நான்கு வயதுக் கடுவன் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. "கறுத்த மூக்கு நாய்க்குப் பிறந்தால் அசல் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்" என்று குடும்பத் தலைவர் வருந்தினார். காது கேட்காத காவல் நாயை அசல் என்று யார் ஒத்துக்கொள்வார்கள் என்று நான் கேட்டபின் சம்மதித்தார்.

நாளைக் கண்டறிதல்

ஐப்பசி நடுவில் பெட்டைக்குப் பருவம் வந்தது. நாட்களை விரல் விட்டு எண்ணி 11, 13 என்று முடிவு செய்யும் வழக்கம் பல பெட்டைகளுக்குப் பொருந்திவிடுகிறது என்பது உண்மையே. அதனால்தான் அது நிலைத்திருக்கிறது. ஆனால் உதிரப்போக்கு தொடங்குவதற்கும் கருமுட்டை வெளிப்படுவதற்கும் இடையிலான நாட்கள் பெட்டைக்குப் பெட்டை வெகுவாக மாறுகின்றன. ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதும் உண்டு, மூன்று வாரத்தைத் தொடுவதும் உண்டு. அதோடு, நாயின் கருமுட்டை வெளிவந்தவுடன் கருத்தரிக்கத் தயாராக இருப்பதில்லை. அது முதிர்ச்சி அடைய மேலும் இரண்டு மூன்று நாட்கள் தேவை. ஆகவே பெட்டை இணங்குகிற நாள், முட்டை வெளிப்படுகிற நாள், கருத்தரிக்கக்கூடிய நாள் ஆகிய மூன்றும் ஒன்றல்ல.

இந்த மூன்றையும் பிரித்தறியக் கைகொடுப்பது இரத்தத்தில் உள்ள புரோஜெஸ்டிரோன் அளவு. நாய் இனத்தில் முட்டை வெளிப்படுவதற்கு முன்பே இந்த ஹார்மோன் உயரத் தொடங்குகிறது என்பதால், தொடர்ந்து அளந்தால் நாளை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் அளவைத் தொடும்போது, முட்டை வெளிப்படத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சி நிகழ்கிறது என்றும், 5 நானோகிராமை ஒட்டி முட்டை வெளிப்படுகிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். விலங்குகளுக்கென்று தனி ஆய்வகம் பக்கத்தில் இல்லாததால், மனிதர்களுக்கான இரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே இதைச் செய்தோம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: எடுத்த இரத்தத்தை உடனே குளிர்பெட்டியில் வைத்தால் அளவு குறைவாகக் காட்டும், ஜெல் உள்ள குழாயும் அளவைக் குறைத்துவிடக்கூடும். சாதாரண சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, அறை வெப்பத்தில் உறையவிட்டு, சீரத்தைப் பிரித்தபின் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கூடத்துக்கே அனுப்ப வேண்டும்.

9ஆம் நாளில் அளவு 0.6 நானோகிராம். 12ஆம் நாளில் 1.1. அன்று யோனிப் படலத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்துச் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில், செல்கள் பத்தில் ஒன்பதுக்கு மேல் விளிம்பு மடிந்து, உட்கரு மங்கி, முதிர்ந்த நிலையில் இருந்தன. தகட்டை மட்டும் பார்த்திருந்தால் அன்றே சேர்க்கலாம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தச் செல் முதிர்ச்சி பல நாட்கள் அப்படியே நீடிக்கும். முட்டை எந்த நாளில் வெளிப்படுகிறது என்பதை அது காட்டுவதில்லை. 14ஆம் நாளில் 2.3, 16ஆம் நாளில் 5.9. ஆக, இந்தப் பெட்டைக்கு முட்டை வெளிப்படும் நாள் 16. கருத்தரிக்க உகந்த காலம் 18ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள் வரை.

முதல் பருவத்திலும் இதே கணக்குதான் இருந்திருக்கும் என்று கொண்டால், 11ஆம் நாளில் வலிந்து நடந்த சேர்க்கையின் விந்தணுக்கள் முட்டை முதிர்வதற்குள் ஒரு வாரத்தைக் கடந்திருக்கும். நாயின் விந்தணு பெட்டையின் கருப்பைக்குள் ஆறேழு நாள் வரை உயிரோடிருக்கும் என்றாலும், அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. பெட்டை மலடாக இருக்கவில்லை. அது கடித்தது நாள் வராததால்.

சேர்க்கையின்போது

18ஆம் நாள் காலை, வெயில் ஏறுமுன், கடுவன் இருந்த வீட்டுக் கொல்லையில் சேர்க்கை நடந்தது. வழக்கமாகக் கடுவன் இருக்கும் இடத்துக்குப் பெட்டையைக் கொண்டுசெல்வதே நல்லது. இடம் பழகிய கடுவன் தயக்கமில்லாமல் நடந்துகொள்ளும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளையும் பக்கத்து வீட்டாரையும் அனுப்பிவிட்டு, பெட்டையை வளர்த்தவர், கடுவனை வளர்த்தவர், நான் ஆகிய மூவர் மட்டும் இருந்தோம். இரண்டையும் முதலில் கயிற்றோடு சற்று நேரம் முகர்ந்து பழகவிட்டோம். பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி நின்றது. வாயைக் கட்டவில்லை, யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. வளர்த்தவர் கழுத்துப் பட்டையில் லேசாகக் கை வைத்து, அதன் தலைப்பக்கம் குந்தியிருந்தார். அவ்வளவே.

கடுவன் ஏறி, ஓரிரு நிமிடத்தில் லாக் விழுந்தது. ஆண்குறியின் அடிப்பகுதியில் உள்ள குமிழ் போன்ற திசு இரத்தத்தால் பருத்து, பெட்டையின் யோனித் தசைகள் அதை இறுகப் பற்றிக்கொள்வதால் ஏற்படுவது இது. கடுவன் இறங்கி ஒரு காலைத் தூக்கிப் போட்டுத் திரும்பியபின், இரண்டும் பின்பக்கம் ஒட்டியபடி எதிரெதிர்த் திசை நோக்கி நிற்கும். உண்மையில் மனிதர் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பெட்டை திடீரென்று உட்கார்ந்தாலோ உருண்டாலோ ஓட முயன்றாலோ கடுவனுக்குக் கடுங்காயம் ஏற்படலாம். எனவே இருவரும் தத்தம் நாயின் அருகில் குந்தி, முதுகைத் தடவிக்கொண்டு, அசையாமல் பார்த்துக்கொண்டார்கள். 18 நிமிடத்தில் தானாகவே பிரிந்தன. தெருவில் லாக் விழுந்த நாய்கள் மீது தண்ணீர் ஊற்றுவதையும் கல்லெறிவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது அந்த இரு உயிர்களுக்கும் செய்யும் கொடுமை. இழுத்துப் பிரிப்பதால் உறுப்பு கிழியவும் கூடும்.

லாக் நீண்ட நேரம் நீடித்தால் குட்டி அதிகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. விந்து மூன்று பகுதிகளாக வெளிவருகிறது. அணுக்கள் நிறைந்த இரண்டாம் பகுதி தொடக்கத்திலேயே சேர்ந்துவிடுகிறது. லாக் நேரம் முழுவதும் வருவது பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியின் நீர். அணுக்களை உள்நோக்கித் தள்ள உதவுவது அதன் வேலை. ஐந்து நிமிடமும் போதுமானதாக இருக்கலாம், அரைமணி நேரத்தைத் தாண்டினாலும் அச்சப்பட ஒன்றுமில்லை. 20ஆம் நாளில் ஒருமுறை மீண்டும் சேர்த்தோம். 25 நிமிடம் நீடித்தது.

சினைக்காலம்

முட்டை வெளிப்பட்டதிலிருந்து 28ஆம் நாள் ஸ்கேனில் சினை உறுதியானது. 57ஆம் நாள் எடுத்த எக்ஸ்-ரேயில் ஏழு மண்டையோடுகளும் ஏழு முதுகெலும்புகளும் எண்ணப்பட்டன. எத்தனை குட்டி என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது வெறும் ஆவலுக்காக அல்ல. ஈற்று முடிந்ததா, இன்னும் உள்ளே இருக்கிறதா என்ற கேள்விக்கு வேறு எதுவும் அவ்வளவு தெளிவாக விடை தராது.

ஈற்று நாளை முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து 63 நாள் என்று, ஒரு நாள் முன்பின்னாகக் கணித்தோம். குடும்பத்தார் தம் வழக்கப்படி கடைசிச் சேர்க்கையிலிருந்து 63 எண்ணியிருந்தால் நான்கு நாள் தள்ளிப்போயிருக்கும். நாள் கடந்தும் காத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் குட்டிகளை உள்ளேயே இழக்கும் வீடுகளில் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைப் பிசகுதான் காரணமாக இருக்கிறது.

கால்சியம் டானிக் கொடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியத்தை ஊட்டினால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் உடலின் சொந்த ஏற்பாடு சோம்பிவிடுகிறது. ஈற்றின்போதும் பாலூட்டும்போதும் தேவை திடீரென்று கூடுகையில் அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

ஈற்று

கடைசி வாரத்தில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஆசனவாய் வழியாக வெப்பநிலை பார்த்து எழுதிவைக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். வழக்கமாக 101 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டியிருந்த அளவு, 62ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு 98.4க்கு இறங்கியது. புரோஜெஸ்டிரோன் சரிவதன் வெளி அடையாளம் இது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈற்று தொடங்கிவிடும். இரவு பதினொரு மணிக்குப் பெட்டை மூச்சிரைத்து, விரித்த பழைய சேலைகளைப் பிறாண்டிக் குழைத்துக்கொண்டிருந்தது. குடும்பத்தார் அறையின் விளக்கைத் தணித்துவிட்டு, ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் குட்டி 5.40க்கு, இரண்டாவது 6.10க்கு, மூன்றாவது 7 மணிக்கு, நான்காவது 8.45க்கு. நான்கையும் பெட்டையே பனிக்குட உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கிச் சுத்தம் செய்தது. பக்கத்தில் இருந்தவர் செய்ததெல்லாம் நேரத்தையும், நஞ்சுக்கொடி விழுந்ததா என்பதையும் எழுதியதும், ஒவ்வொரு குட்டியும் மடியைப் பற்றியதா என்று பார்த்ததும்தான். இந்த நான்கு குட்டிகள் வரையிலான மேற்பார்வையை நான் மிகவும் மதிக்கிறேன். கை கொடுக்க ஆசையிருந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான்காவதுக்குப் பிறகு முக்கல் தளர்ந்தது. பத்தரை மணிக்கு லேசான முக்கல் இரண்டு மூன்று வந்து அடங்கியது. அந்த நேரத்தில் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர், மருந்துக்கடையில் 'குட்டி போடும் ஊசி' கிடைக்கும், போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். ஆக்சிடோசின் ஊசியைத்தான் அவர் சொன்னார். குடும்பத் தலைவரின் தாயார், "நாலோட நிறுத்திருச்சோ என்னமோ, எதுக்கும் டாக்டர் தம்பியக் கேட்டுட்டுச் செய்யி" என்று தடுத்ததால் பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. அந்த அம்மையாரின் ஒரு வார்த்தை பெட்டையின் கருப்பையைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எக்ஸ்-ரே ஏழு என்று சொல்லியிருந்தது, இரண்டே கால் மணி நேரம் கடந்திருந்தது, முக்கல் பலமிழந்திருந்தது. உடனே வண்டியில் ஏற்றி வரச் சொன்னேன். பிறந்த நான்கு குட்டிகளையும் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு அட்டைப் பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டுவரச் சொன்னேன்.

11.40க்கு ஸ்கேன் பார்த்தபோது உள்ளே மூன்று இதயத் துடிப்புகள் தெரிந்தன: நிமிடத்துக்கு 208, 194, 152. பிறக்கும் தறுவாயில் உள்ள குட்டிக்கு 200ஐ ஒட்டிய துடிப்பு இயல்பு; 180க்குக் கீழ் இறங்கினால் மூச்சுத் தட்டுப்பாட்டின் அறிகுறி; 160க்குக் கீழ் என்றால் பொழுது மிகக் குறைவு. விரலால் பரிசோதித்ததில், 152 துடிப்புள்ள குட்டி பின்னங்கால்கள் முன்னால் வர, இடுப்பெலும்பு வாயிலுக்குள் இறங்கியிருந்தது, வழி அடைபடவில்லை. இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. கால்சியம் இயல்புக்குக் கீழே இருந்தது. துருவிக் கேட்டபோது, சினை தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவர் அன்பின் மிகுதியால் பாலில் கால்சியம் டானிக் கலந்து கொடுத்துவந்தது வெளிப்பட்டது. தளர்வுக்கு அதுவே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல இயலாது. ஏழு குட்டிகள் நிறைந்து விரிந்த கருப்பை களைத்துப்போவதும் இயல்பே.

கால்சியம் குளுக்கோனேட்டைக் கரைத்துத் தோலுக்கடியில் செலுத்தி, கால்மணி நேரம் கழித்து மிகக் குறைந்த அளவில் ஆக்சிடோசின் கொடுத்தோம். கால்சியம் சுருக்கத்துக்குப் பலம் தருகிறது. ஆக்சிடோசின் சுருக்கத்தின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நாய்க்கு ஆக்சிடோசின் தேவைப்படுவது ஒரு யூனிட்டை ஒட்டிய சிறு அளவுதான். மாட்டுக்குப் போடும் கணக்கில் அள்ளிப் போட்டால் கருப்பை விடாமல் இறுகி, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் செல்வது நின்று குட்டிகள் உள்ளேயே மூச்சடைத்து இறக்கும். வழி அடைபட்டிருந்தால் கருப்பை கிழியவும் கூடும். அந்த மருந்துக்கடை ஊசியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அடுத்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் கண்டது.

12.35க்கு ஐந்தாவது குட்டி, முக்கலோடு சேர்த்து நான் கீழ்நோக்கி மென்மையாக வழிநடத்த, வெளியே வந்தது. அது மூச்சுவிடவில்லை. நாக்கு நீலம் பாரித்திருந்தது. உறையைக் கிழித்து, வாயிலும் மூக்கிலும் இருந்த நீரை ரப்பர்க் குமிழால் உறிஞ்சியெடுத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, வெதுவெதுப்பான துண்டால் முதுகையும் விலாவையும் தொடர்ந்து தேய்த்தோம். மார்பை இரு விரலுக்கிடையில் பிடித்தபோது துடிப்பு மெதுவாக இருந்தது, நிற்கவில்லை. துடிப்பு இருக்கும் குட்டிக்குத் தேவை காற்றும் சூடும்தான். சிறு முகமூடியால் ஆக்சிஜன் கொடுத்து, மூக்குக்குக் கீழே மேலுதட்டின் நடுவில் மெல்லிய ஊசிமுனையால் தூண்டினோம். முதல் இழுப்பு விக்கல் போல வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் இரண்டாவது. பிறகு வாய் திறந்து முனகியது. நாக்கின் நிறம் ஓரத்திலிருந்து மாறத் தொடங்கியது. குட்டியைக் கையில் பிடித்துத் தலைகீழாக வீசி ஆட்டும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கும் அந்த முறையை யாரும் செய்யக் கூடாது.

எஞ்சிய இரண்டின் துடிப்பு 190, 168 என்று காட்டியது. இரண்டாம் முறை கொடுத்த சிறு அளவு ஆக்சிடோசினுக்குக் கருப்பை இசையவில்லை. ஒரு மணிக்கு மீண்டும் பார்த்தபோது ஒன்று 140க்கு இறங்கியிருந்தது. இனி மருந்தால் தள்ளிப் பார்ப்பது தவறு என்று முடிவு செய்து 1.30க்கு அறுவை தொடங்கினோம். ஆறாவது குட்டி, கருப்பையின் இரு கொம்புகளும் சேரும் இடத்தில் குறுக்காகக் கிடந்தது. முதுகுதான் வாயிலை நோக்கியிருந்தது. எவ்வளவு முக்கியிருந்தாலும் அது வந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பின்னால் இருந்த ஏழாவது உயிரோடு கிடைத்தது. காலையில் வீட்டிலேயே அந்த ஊசி போடப்பட்டிருந்தால், இந்தக் குறுக்குக் கிடப்பின் மேல் கருப்பை இறுகியிருக்கும். நான் எழுதிக்கொண்டிருப்பது வேறொரு நேர்வாக இருந்திருக்கும்.

குட்டிகளின் முதல் வாரங்கள்

மயக்கம் தெளியும்வரை பெட்டையிடம் குட்டிகளைத் தனியே விடவில்லை. அறுவையில் கண்விழிக்கும் தாய்க்குக் குட்டிகள் தன்னுடையவை என்பது உடனே பிடிபடுவதில்லை. அதன் சொந்தப் பனிக்குட நீரைக் குட்டிகள் மேல் தடவி, ஆள் அருகில் இருந்து ஒவ்வொன்றாக மடியில் சேர்த்தோம். மாலைக்குள் அது நக்கத் தொடங்கிவிட்டது.

தைப் பனி இறங்கும் மலையடிவாரம் என்பதால் சூடுதான் முதல் கவலை. முதல் வாரக் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் கிடையாது. பெட்டியின் ஒரு மூலையை 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் வரை பல்பால் சூடாக்கி, மறுமூலையைக் குளிர்ச்சியாக விட்டோம். வேண்டியபடி குட்டிகள் நகர்ந்துகொள்ளும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, முதலில் சூடு, பிறகுதான் பால் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. குளிர்ந்த உடலில் குடல் இயங்குவதில்லை. தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் இருக்க, பெட்டியின் உட்சுவரை ஒட்டிக் ஒரு கைப்பிடி அளவு உயரத்தில் மரச்சட்டம் அடிக்கப்பட்டது. சமையலறைத் தராசில் தினமும் இருவேளை எடை பார்க்கப்பட்டது. ஐந்தாவது குட்டி மட்டும் மூன்றாம் நாள்வரை ஏறவில்லை. இரண்டு மணிக்கொரு முறை அதை முதலில் மடியில் விட்டு, மற்றவற்றைப் பிறகு சேர்த்ததில் நான்காம் நாள் ஏறத் தொடங்கியது.

ஆறு குட்டிகளும் தேறின. ஆறாம் வாரத்தில், பின்னாலிருந்து, தரை அதிராமலும் காற்று படாமலும் ஒலி எழுப்பிச் செவித்திறனைப் பார்த்தோம். ஐந்து குட்டிகள் திரும்பின. முழு வெள்ளையான ஒரு பெட்டைக்குட்டி எந்த ஒலிக்கும் அசையவில்லை. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. மூளைத்தண்டின் மின்னலையை அளக்கும் பரிசோதனையால்தான் முடியும். கறுத்த மூக்குக் கடுவனைத் தேர்ந்தும் ஒரு குட்டி செவிடாகப் பிறந்தது என்பது, இந்தக் குறை பெட்டையின் வழியிலும் மறைந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஆய்வுக் குறிப்பு

நாய் இனப்பெருக்கத்தில் மனித உதவி என்றவுடன் பிடிப்பதும் தூக்குவதும் இழுப்பதும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இந்த நேர்வில் பயன்பட்ட உதவி பெரும்பாலும் இரத்தக் குழாயும் வெப்பமானியும் கடிகாரமும் குறிப்பேடும் கொண்டு செய்யப்பட்டது. கையால் செய்த உதவி மூன்று இடங்களில் மட்டும்: லாக் விழுந்தபோது அசையாமல் பார்த்துக்கொண்டது, ஐந்தாவது குட்டியை எடுத்து உயிர்ப்பித்தது, இறுதியில் அறுவை. இம்மூன்றும் உரிய நேரத்தில் நடந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் நாள்தோறும் அளந்து எழுதப்பட்ட விவரங்களே.

மனித உதவி இல்லாமல் இனமே தொடர முடியாத நிலைக்கு நாய்களைக் கொண்டுசென்ற உதாரணமும் நம் கண்முன் இருக்கிறது. பிரிட்டனில் 22,005 ஈற்றுகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், பாஸ்டன் டெரியர் ஈற்றுகளில் 92.3 விழுக்காடும் புல்டாக் ஈற்றுகளில் 86.1 விழுக்காடும் அறுவை மூலமே நடந்திருந்தன. தலை பெருக்கவும் இடுப்பு குறுகவும் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. நம் நாட்டு இனங்களான ராஜபாளையமும் கன்னியும் சிப்பிப்பாறையும் ஒல்லியான தலையும் நீண்ட உடலும் கொண்டவை. பெரும்பாலும் தாமாகவே சேர்ந்து தாமாகவே ஈனக்கூடியவை. கண்காட்சிக்கும் விற்பனைக்கும் ஏற்ப உருவத்தை மாற்றத் தொடங்கி, அந்த வலிமையைத் தொலைத்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு. தன் கால்களில் நின்று சேர்க்கைக்கு இணங்கும் பெட்டையையும், உதவியின்றி ஏறும் கடுவனையும் தேர்வதே இந்த இனங்களுக்கு நாம் செய்யக்கூடிய முதன்மையான உதவி. திரும்பத் திரும்பக் கட்டி நிறுத்தித்தான் சினையாக்க முடியும் என்ற நிலையில் உள்ள நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

இந்தப் பெட்டையின் அறுவைத் தழும்பு குறுக்குக் கிடப்பால் நேர்ந்ததே தவிர, இடுப்புக் குறையால் அல்ல. எனவே மீண்டும் ஈனத் தடையில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் சேர்க்கக் கூடாது என்றும், அதற்கடுத்த பருவத்தில் எண்ணமிருந்தால் ஏழாம் நாளிலிருந்தே புரோஜெஸ்டிரோன் பார்க்கத் தொடங்க வேண்டும் என்றும், இம்முறை 16 என்று வந்த நாளை மறுமுறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதிக்கொடுத்தேன். அதே கடுவனோடு மீண்டும் சேர்க்க வேண்டாம் என்பதும், காது கேட்கும் ஐந்து குட்டிகளில் எதை இனப்பெருக்கத்துக்கு வைப்பதானாலும் அதற்கு முன் மின்னலைச் செவிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. செவிட்டுக் குட்டிக்கு வயது வந்ததும் கருத்தடை செய்ய ஒப்புக்கொண்டு, அதைத் தோப்புக்கு அனுப்பாமல், கைச்சாடை பழக்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.